பாஸ்... இது கொடுவா!

சிதம்பரம் பக்கம் காலேஜ் படிச்ச யாரைக் கேட்டாலும் பிச்சாவரம் கதை ஒண்ணு கண்டிப்பா வெச்சிருப்பாங்க. க்ளாஸ் கட் அடிச்சுட்டுப் போனது, படகுல ஒருத்தன் எழுந்து நின்னு போஸ் கொடுத்து செல்போனைத் தண்ணிக்குக் காணிக்கையாக்கினது, ‘இதயக்கனி’ ஷூட்டிங் நடந்த இடம் இதுதான்னு படகுக்காரர் கை காட்டினது... இப்படி. ஆனா, அதே பஸ் பிச்சாவரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி நிற்கிற ஊர்ல இறங்கினவங்க எத்தனை பேர்? கை தூக்குங்க பார்ப்போம். ம்ஹூம்... ஒருத்தரும் இல்லை.

அந்த ஊர்தான் கிள்ளை.

ரயில்ல வந்தா பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல வர்ற குட்டி ஸ்டேஷன். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவுல உப்பனாறும் பேர் தெரியாத நூறு வாய்க்கால்களும். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் இந்த ஊர் திமிலோகப்படும். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகசாமி தீர்த்தவாரிக்கு இங்கேதான் வருவார். வழியில கிள்ளை தைக்கால் தர்கா பக்கம் முஸ்லிம்கள் சாமிக்கு வரவேற்பு கொடுத்து மரியாதை செய்வாங்க. பேப்பர்ல போட்டோ பார்த்திருப்பீங்க. மத்த நாள்ல கிள்ளைன்னா மீன், இறால், நண்டு, வலை, அவ்வளவுதான்.

நாங்க போனது தை மாசக் கடைசி. சாமி பார்க்க இல்லை. மீன் பிடிக்க. அதுவும் புழு இல்லாம, இறால் இல்லாம, வெறும் கோழி இறகையும் ஆட்டு முடியையும் வெச்சு!

எந்த பாஸ், பாஸ்?

நம்ம ஊர்ல ‘பாஸ்’னா டீக்கடையில வழி மறைச்சு நிக்கிற யாரோ ஒருத்தர். அமெரிக்காவுல பாஸ்னா மீன். அந்த ஒரு மீனுக்காகவே தனி ராட், தனிப் படகு, தனி டி.வி. ப்ரோகிராம்னு பைத்தியமா அலையறாங்க. அதுல ஒரு கூட்டம் இன்னும் ஒரு படி மேல. கடையில விற்கிற ப்ளாஸ்டிக் இரை வேண்டாம்; ராத்திரி உட்கார்ந்து முள்ளுல இறகும் முடியும் வெச்சு நூலால நானே கட்டுவேன்; அதுலதான் மீன் விழணும்னு அடம். இதுக்குப் பேர் ‘ஃப்ளை’. அதைக் கட்டறது ஒரு கலை, வீசறது இன்னொரு கலை. ஃப்ளைக்கு எடையே கிடையாது. அதனால கயிறே கனமா இருக்கும். சாட்டை சுழற்றுற மாதிரி கயிற்றை முன்னும் பின்னும் வீச, அது ஃப்ளையைக் கூட்டிட்டுப் போய்ப் பூ மாதிரி இறக்கிவிடும். யூடியூப்ல பார்த்தா அப்படித்தான் இருக்கு. எங்க கையில என்ன ஆச்சுங்கிறதை அப்புறம் சொல்றேன்.

இது ஏதோ வெள்ளைக்காரன் நேத்து கண்டுபிடிச்ச வேலைன்னு நினைக்காதீங்க. சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னாடியே ஈலியன்கிற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாக்காரங்க முள்ளுல சிவப்புக் கம்பளி சுத்தி, ரெண்டு சேவல் இறகு கட்டி ஆத்துல மீன் பிடிச்சதை எழுதி வெச்சிருக்கார். சேவல் இறகு! நம்ம ஊர்ல குப்பையில போறது.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்துல ஸால்மன் மீனுக்குக் கட்டின பகட்டான ஃப்ளைகள்ல பளபளன்னு மஞ்சள் புள்ளி வெச்ச ஒரு இறகு இருக்கும். அது நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையில கூவுற காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகு. இதுக்காகவே ஏகப்பட்ட கோழிகளைச் சுட்டுத் தள்ளினாங்க. இப்ப அந்தப் பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. அதனால அந்த ஆசையை ஆரம்பத்துலயே விட்டுடுங்க. இன்னொண்ணு, அமெரிக்க வீடியோக்கள்ல ‘பக்டெயில்’னு சொல்லுவாங்க. மான் வால் முடி. இங்கே மான் முடியைக் கையில வெச்சிருந்தா 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்களைக் கையில வெச்சுக்கும். எங்களுக்கு ஆட்டுக்கிடா வால் போதும்னு முடிவு பண்ணினோம்.

சரி, தமிழ்நாட்டுல ஃப்ளைன்னா எல்லாரும் ஊட்டியைத்தான் சொல்லுவாங்க. வெள்ளைக்காரங்க நீலகிரியில ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டாங்க. அவலாஞ்சியில 1907-ல குஞ்சு பொரிப்பகமே கட்டினாங்க. ஆனா, பாஸ்? அதுக்கு மலை ஏற வேண்டாம். சிதம்பரம் மீன் மார்க்கெட்டுக்குப் போங்க. வெள்ளி நிறம், கொஞ்சம் கூன் விழுந்த முதுகு, கீழ்த்தாடை நீட்டிக்கிட்டு ஒரு முறைப்போட படுத்திருக்கும் பாருங்க, கொடுவா. ஸ்டார் ஹோட்டல் மெனுவுல இதுக்குப் பேர் ‘ஏஷியன் ஸீ பாஸ்’. கேரளாவுல காளாஞ்சி, ஆந்திராவுல பண்டுகப்பா, கொல்கத்தாவுல கல்யாண வீட்டு ஸ்டார் ஐட்டமான பேட்கி, மலேசியாவுல சியாக்காப், ஆஸ்திரேலியாவுல பாரமுண்டி. எல்லாம் இவரேதான். அமெரிக்க பாஸும் இதுவும் பேர்லதான் ஒண்ணு, குடும்பம் வேற. நம்மாளோட பங்காளி ஆப்பிரிக்காவுல இருக்கிற நைல் பெர்ச்.

ஆஸ்திரேலியாவோட வடக்குப் பக்கம் இதே கொடுவாவை இதே மாதிரி சதுப்புக்காட்டு வாய்க்கால்ல ஃப்ளை வெச்சுப் பிடிக்க உலகம் முழுக்க இருந்து ஆள் வர்றாங்க. அதே மீன், அதே மாதிரி காடு. அப்புறம் ஏன் கிள்ளையில முடியாது? ஹாஸ்டல் ரூம்ல ராத்திரி 11 மணிக்கு நானும் ரூம்மேட்டும் எடுத்த வரலாற்று முடிவு இது.

நெயில் பாலிஷ் வாங்கப் போன கதை

ராட் பிரச்னை ஈஸியா தீர்ந்துடுச்சு. ரூம்மேட்டோட சித்தப்பா சிங்கப்பூர்ல இருக்கார். அங்கே காசு கட்டி மீன் பிடிக்கிற குளங்கள் உண்டு. அதுல விடுறதும் இதே கொடுவாதான். ஆசைக்கு வாங்கி நாலு தடவை வீசிட்டுப் பரண்ல போட்டிருந்த ராட் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

ஃப்ளை கட்டறதுதான் காமெடி. முள்ளைப் பிடிச்சுக்க ‘வைஸ்’னு ஒரு கருவி வேணும். நாங்க கட்டிங் ப்ளேயரை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, மேஜை டிராயர்ல சொருகி வெச்சோம். மட்டன் கடை பாய் ஆட்டு வாலைச் சும்மாவே கொடுத்தார். ரெண்டு தடவை ஷாம்பு போட்டும் நாத்தம் போகலை. மூணு நாளைக்கு எங்க ரூமுக்கு அசைன்மென்ட் கேட்டுக்கூட யாரும் வரலை. நாட்டுக்கோழிக் கடையில சேவல் கழுத்து இறகு. பளபளப்புக்குக் கிறிஸ்துமஸ் ஜிகினா. மிதக்கிற தலை செய்ய அறுந்துபோன ஹவாய் செருப்பு. கட்டின நூல் அவிழாம இருக்க மேல வார்னிஷ் மாதிரி ஒண்ணு பூசணும். அதுக்கு உலகம் பூரா பயன்படுத்தறது நெயில் பாலிஷ். ஃபேன்ஸி ஸ்டோர்ல ரெண்டு தாடிக்காரப் பசங்க போய், ‘கலரே இல்லாதது குடுங்க’ன்னு கேட்டதும் அந்த அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே!

உலகப் புகழ்பெற்ற டிசைன்களைத்தான் காப்பி அடிச்சோம். ஒண்ணு, லெஃப்டி க்ரே 1950-களோட கடைசியில அமெரிக்கக் கடலோரத்துல ஸ்ட்ரைப்ட் பாஸுக்காக உருவாக்கின ‘டிசீவர்’. பின்னாடி நீளமான இறகு, முன்னாடி முடி. எப்படி வீசினாலும் இறகு முள்ளுல சுத்திக்காது. ரெண்டாவது, பாப் க்ளவுஸர்ங்கிறவர் 1980-கள்ல பென்சில்வேனியா ஆத்து பாஸுக்காகக் கட்டின ‘க்ளவுஸர் மின்னோ’. தலைக்கிட்ட ஈயக் கண்ணு வெச்சிருக்கும். இழுத்தா எழும்பும், விட்டா தலைகுப்புற இறங்கும். முள் மேல் பக்கம் திரும்பி இருக்கிறதால அடியில சிக்கறது கம்மி. மூணாவது, செருப்பு ரப்பர் பாப்பர். இழுத்தா ‘ப்ளுக்’னு தண்ணி தெறிக்கும். ரோஸ், பச்சை, தங்கம்னு மொத்தம் 13 கட்டிட்டோம். மிச்சம் மீதியா கொஞ்சம் நரைச்ச கிடா முடியும் வெள்ளை முடியும் இருந்தது. தூக்கிப் போட மனசு வராம, மேல நரை, அடியில வெள்ளைன்னு அவசரத்துல ஒண்ணு கட்டினேன். ஜிகினா தீர்ந்துபோச்சு. பார்க்க எலி வால் மாதிரி இருந்தது. பதினாலாவது.

“இதென்ன... ஜிமிக்கியா?”

முடசல் ஓடைப் பக்கம் ஒரு பெரியவரோட சின்னப் படகைப் பேசியிருந்தோம். அரை நாளைக்கு 600 ரூபாய். கிடைக்கிற மீன் யாருக்குங்கிறதைப் பேசவே இல்லை. இது முக்கியம், பின்னாடி வரும்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். பிச்சாவரம் காப்புக்காடு. 2022-ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்த சதுப்பு நிலம். அதுக்குள்ள நம்ம இஷ்டத்துக்குத் தூண்டிலைத் தூக்கிட்டுப் போக முடியாது. பெரியவர் எங்களைக் காட்டுக்கு வெளியே, திறந்த உப்பங்கழிப் பக்கம்தான் கூட்டிட்டுப் போனார்.

விடிஞ்சும் விடியாம தண்ணி பாதரசம் மாதிரி கிடந்தது. தூரத்துல இருளர் சமூகத்துப் பெண்கள் மூணு பேர் கழுத்தளவு தண்ணியில உட்கார்ந்த வாக்குலயே நகர்ந்து, சேத்துல கையால தடவி இறால் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பிடிச்சது வாயில கடிச்சுத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள்ள போகுது. நாங்க கொண்டுபோன ராட், ரீல், பெட்டி எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துக்கிட்டேன். கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

பெரியவர் ஃப்ளை பெட்டியைத் திறந்து பார்த்தார். ரோஸ் கலர் டிசீவரைத் தூக்கி வெயிலுக்குக் காட்டினார்.

“இதென்ன தம்பி, ஜிமிக்கியா? பொம்பளைப் புள்ளைங்க காதுல போடுறதா?”

“இல்லீங்கய்யா, இதுதான் இரை. ஆஸ்திரேலியாவுல இந்தக் கலர்லதான் கொடுவா நல்லா அடிக்குமாம்.”

“அங்க அடிக்கும். அங்க என்ன திங்குதோ!”

ஈயக் கண்ணு வெச்ச க்ளவுஸரை உள்ளங்கையில வெச்சு எடை பார்த்தார். “குண்டு கட்டினது. இங்க தண்ணி எவ்வளவுங்கிற? இடுப்பளவு. வத்திப்போச்சுன்னா முட்டி. போய் சேத்துல குத்திக்கும், இல்லன்னா வேர்ல மாட்டும்.” அதையும் வெச்சுட்டார். அப்படியே ஒவ்வொண்ணா ஒதுக்கி, கடைசியில எலி வாலை எடுத்தார்.

“இது மடவைக் குஞ்சு மாதிரி இருக்கு. இதப் போடு. இப்ப இல்ல, தண்ணி வத்தட்டும்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு வரியை அப்ப காதுல வாங்கிக்கலை. ஏன்னா ஏத்தம் நின்னு, தண்ணி அப்பத்தான் அசையாம இருந்தது. வத்தம் எடுக்க எட்டரை மணி ஆகும்னார். ரெண்டு மணி நேரம் யாரு சும்மா உட்கார்றது? மாத்தி மாத்தி வீசினோம். முதல் வீச்சு என் தொப்பியில. ரெண்டாவது, ரூம்மேட் சட்டைக் காலர்ல. மூணாவது பின்னால போய் ஒரு வெண்கண்டல் கிளையில. ரோஸ் ஜிமிக்கி இப்பவும் அங்கேதான் தொங்கிக்கிட்டிருக்கணும். செருப்பு பாப்பரை மட்டும் ஒரு முரல் மீன் ரெண்டு தடவை கொத்திட்டுப் போச்சு. கொடுவா? மூச்.

காத்திருந்த நேரத்துல பெரியவர் கடல் பக்கம் கை காட்டினார். எம்.ஜி.ஆர். திட்டு. கழிக்கும் கடலுக்கும் நடுவுல மணல்மேட்டுல இருந்த மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த ஊரை அப்படியே துடைச்சுட்டுப் போயிடுச்சு. உயிர் தப்பினவங்க கிள்ளைப் பக்கம் வந்து குடியேறினாங்க. சதுப்புக்காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு. “காடு நின்னுச்சு, நாங்க நின்னோம்”னார். அதுக்கு மேல அவர் பேசலை, நாங்களும் கேட்கலை.

தண்ணி திரும்பின நேரம்

எட்டே முக்காலுக்கு ஒரு சின்ன வாய்க்கால் கழியில வந்து சேர்ற இடத்துல படகைக் கொண்டுபோய்க் கழியை ஊன்றினார். மெதுவா நுரை ஒரு கோடு போட்டு வெளியே வர ஆரம்பிச்சது. அப்பத்தான் அவர் சொன்னதுக்கு அர்த்தமே புரிஞ்சது.

இந்தப் பக்கம் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் தண்ணி மட்டம் மொத்தமே ஒரு மீட்டருக்குள்ளதான் மாறும். ஆனா, ஆழமே இல்லாத ஊர்ல அதுவே பெரிய விஷயம். ஏத்தத்துல தண்ணி வேருக்குள்ள எல்லாம் புகுந்துக்கும். இறாலும் மடவைக் குஞ்சும் அந்த வேருக்குள்ள போய் மேயும். கொடுவா அங்கே நுழைஞ்சு துரத்த முடியாது. தண்ணி வத்த ஆரம்பிச்சா அத்தனையும் வெளியே வந்தாகணும். வழி ஒண்ணே ஒண்ணு, வாய்க்கால் வாய். கொடுவா அங்கே போய் ஓரமா, அசையாம நிற்கும். க்ளாஸ் முடியற நேரம் பார்த்து லேடீஸ் ஹாஸ்டல் முக்குல பைக்கை நிறுத்திட்டு நிற்கிற கேஸ் மாதிரி. அது ஓடிப் பிடிக்கிற மீன் இல்லை. மறைஞ்சு நின்னு, பக்கத்துல வந்ததும் வாயைப் பிளந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சிடும். அப்ப ‘டுப்’னு ஒரு சத்தம் கேட்கும்.

ஆக, எந்த ஃப்ளைங்கிற கேள்விக்குப் பதில் பெட்டிக்குள்ள இல்லை, அந்த வாய்க்கால் வாய்ல இருக்கு. இப்ப, இந்தத் தண்ணியில அது எதை எதிர்பார்த்து நிற்குது? மடவைக் குஞ்சு. மடவைக்கு முதுகு சேத்து நிறம், வயிறு வெள்ளை. மேலயிருந்து கொக்குக்குத் தெரியாது, கீழயிருந்து மீனுக்குத் தெரியாது. ஆழம் கம்மி, அதனால குண்டு வேண்டாம். தை மாசம் தண்ணி தெளிஞ்சிருக்கு, அதனால ஜிகினா வேண்டாம். இதுவே ஐப்பசி, கார்த்திகையில மழைத்தண்ணி காப்பி நிறத்துல வரும்போது அந்த எலி வால் தெரியவே தெரியாது. அப்ப கறுப்பா, மொத்தமா, தண்ணியைத் தள்ளிக்கிட்டு வர்ற மாதிரி கட்டினாத்தான் எடுபடும். சைஸ் பத்தியும் பயப்பட வேண்டாம். தன் நீளத்துல பாதிக்கு மேல இருக்கிற சொந்தத் தம்பியையே முழுங்குற ஜாதி இது. சென்னையில இருக்கிற உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமான சிபா, கொடுவாவை 1997-ல தொட்டியில இனப்பெருக்கம் பண்ண வெச்சுச்சு. சீர்காழி பக்கம் தொடுவாய்ல ராஜீவ் காந்தி மையத்தோட குஞ்சு பொரிப்பகம் இருக்கு. குஞ்சு வளர்க்கிற இடத்துல எல்லாம் பெரிய தலைவலியே அண்ணன், தம்பியைத் தின்னுடுறதுதான். அடிக்கடி சைஸ் பார்த்துப் பிரிச்சுக்கிட்டே இருக்கணும்.

எலி வாலைக் கட்டி, நுரைக் கோட்டுக்கு மேல வீசினேன். (வீச்சு அசிங்கம்தான். ஆனா விழுந்த இடம் சரி.) ஒரு இழு. நிறுத்து. ஒரு இழு.

டுப்!

நான் ராட்டைத் தூக்கினேன். ஃப்ளை பறந்து வந்து படகுல விழுந்தது. வீடியோவுல ட்ரவுட்டுக்கு அப்படித்தான் தூக்குவாங்க. கொடுவாவுக்கு அது தப்பு. வாய் கெட்டி; ராட்டைத் தாழ்த்தி வெச்சுக்கிட்டு, கையில இருக்கிற கயிற்றை நேரா வெடுக்குன்னு இழுத்தாத்தான் முள் ஏறும். “தூக்காத தம்பி, இழு” – பெரியவர் அவரோட கைத்தூண்டில்ல செய்யறதும் அதேதான்.

அடுத்தது மாட்டுச்சு. ஒரு சாண். பெரியவர் கையை நனைச்சுக்கிட்டு, முள்ளைக் கழற்றி, தண்ணியில விட்டார். “எல்.கே.ஜி. படிச்சுட்டு வரட்டும்.”

அரை மணி நேரம் கழிச்சு ரூம்மேட் கையில ராட் வளைஞ்சது. இது வேற ஆள். தண்ணிக்கு மேல முழுசா எகிறி, செவுளை விரிச்சுக்கிட்டுத் தலையை உதறுச்சு பாருங்க... ரெண்டு பேரும் கத்தினதுல கொக்கெல்லாம் பறந்துடுச்சு. படகுக்குள்ள வந்தப்ப அளந்தோம். 52 சென்டிமீட்டர். ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி இருக்கும்.

மீன் யாருக்கு?

போட்டோ எடுத்தோம். ‘சரி, விட்டுடலாம்’னேன்.

பெரியவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்துல கொண்டுவர முடியாது.

“விடுறதுக்கா ராவெல்லாம் ஆட்டு முடி கட்டிக்கிட்டுக் கெடந்தீங்க?”

நான் படிச்சதை எல்லாம் ஒப்பிச்சேன். கொடுவா பிறக்கிறப்ப ஆண். சில வருஷம் ஆணா இருந்து, வளர்ந்து பெரிசான பிறகுதான் பெண்ணா மாறும். 1979-லயே பாப்புவா நியூகினி மீன்களை வெச்சு இதை நிரூபிச்சுட்டாங்க. பெரிய பெண் மீன் ஒரு பருவத்துக்குக் கோடிக்கணக்கில் முட்டை போடும். சின்னதைப் பிடிச்சா அது அம்மா ஆகறதே இல்லை. பெரிசைப் பிடிச்சா இருக்கிற அம்மாவும் போச்சு. அதனாலதான் ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்துல 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் எடுக்கக் கூடாது, 120-க்கு மேலேயும் எடுக்கக் கூடாதுன்னு சட்டம்.

சிரிப்பார்னு நினைச்சேன். சிரிக்கலை. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “பெருசுல ஆம்பளையே நான் பாத்ததில்ல. வயித்தக் கிழிச்சா சினையாத்தான் இருக்கும்”னார். ஆராய்ச்சிக் கட்டுரைக்காரங்க சொன்னது அவருக்கும் தெரியும். வேற பக்கத்திலிருந்து தெரியும்.

“போன ஐப்பசியில முகத்துவாரத்துப் பக்கம் வலையில ஒண்ணு. பதினோரு கிலோ. வயிறு இப்படி இருந்துச்சு. எடுத்தப்ப ஒரு மாதிரிதான் இருந்துச்சு தம்பி. ஆனா அந்த வாரம் பாப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்.”

ரெண்டாவது வருஷம் பி.எஸ்ஸி. படிக்குதாம். எங்க வயசு.

கிலோ 450 ரூபாய்க்கு எடுத்துப்பாங்கன்னார். எங்க கையில துடிச்சுக்கிட்டிருந்த மீன், கிட்டத்தட்ட 850 ரூபாய். எங்களுக்காக அரை நாள் படகு தள்ளினதுக்கு நாங்க பேசினது 600. ‘பிடி, விடு’ங்கிறது நல்ல கொள்கைதான். ஆனா மத்தியானம் மெஸ்ல சாப்பாடு தயாரா இருக்கிறவனுக்கு அது ரொம்ப சுலபமான கொள்கை. அங்கே சட்டம் இருக்கு. மீனை உயிரோட விட்டாலும் அதைச் சுத்தி ஹோட்டல், படகு, வழிகாட்டின்னு நாலு பேருக்குச் சம்பளம் வருது. இங்கே மீன் செத்தாத்தான் சம்பளம்.

ரூம்மேட் ஒரு ஐடியா சொன்னான். “ஐயா, மீனோட விலையை நாங்க குடுத்துடறோம். விட்டுடலாம்.”

“காசு வாங்கிக்கிட்டு மீனை ஆத்துல விட நான் என்ன கோயிலாய்யா வெச்சிருக்கேன்?”

அந்தக் கோபம் நிஜம். பிச்சை போட்ட மாதிரி ஆயிடுச்சுன்னு எங்களுக்கு அப்புறம்தான் உறைச்சது. மீனை அவர் கையில கொடுத்தோம். படகோட அடிப்பலகைக்குக் கீழ ஈரச் சாக்குல வெச்சு மூடினார். அந்தப் பேச்சு அத்தோட முடிஞ்சது. எனக்கு உள்ளுக்குள்ள இன்னும் முடியலை. அந்த மீன் 52 சென்டிமீட்டர். குயின்ஸ்லாந்துன்னா அது தப்பிச்சிருக்கும்.

கடைசி வீச்சு

பத்தரை இருக்கும். தண்ணி முட்டி அளவுக்கு வந்துடுச்சு. ‘இன்னும் ரெண்டு தடவை வீசிட்டுக் கிளம்பலாம்’னு பெரியவர் சொன்னார். அதே இடம், அதே எலி வால். இந்தத் தடவை ‘டுப்’ இல்லை. கதவை அறைஞ்சு சாத்தின மாதிரி ஒரு சத்தம்.

கயிறு என் விரலைக் கிழிச்சுக்கிட்டு ஓடுச்சு. எகிறவே இல்லை, நேரா வேர்ப் பக்கம் போச்சு. ஒரே ஒரு தடவை பக்கவாட்டுல திரும்பினப்ப முதுகு தெரிஞ்சது. பெரியவர் துடுப்பைக் கீழே போட்டுட்டு எழுந்து நின்னுட்டார். எத்தனை கிலோன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அதனால சொல்லலை.

பத்து செகண்ட். அப்புறம் கயிறு லேசாச்சு.

இழுத்துப் பார்த்தா, நரம்பு நுனி மரம் ராவுற உப்புத்தாள்ல தேய்ச்ச மாதிரி சொரசொரன்னு இருந்தது. தப்பு முழுக்க எங்களோடதுதான். கொடுவாவுக்கு வாய்க்குள்ள பெரிய பல் இல்லை. ஆனா அந்த சொரசொரப்பு நரம்பை ராவிடும், செவுள் மூடி ப்ளேடு மாதிரி வெட்டும். அதனாலதான் ஃப்ளைக்கு முன்னாடி ஒரு முழம் தடிமனான நரம்பு வெச்சுக் கட்டுவாங்க. நாங்களும் கட்டியிருந்தோம். ஆனா ஒரு மீன் மாட்டினதுமே அதை விரலால தடவிப் பார்த்து, தேய்ஞ்சிருந்தா வெட்டிட்டுப் புதுசா முடிச்சுப் போடணும். நாங்கதான் கொள்கை பேசிக்கிட்டிருந்தோமே, எங்கே தடவிப் பார்க்கிறது? ஒரே நல்ல விஷயம், அது ஸ்டெயின்லெஸ் முள் இல்லை. உப்புத் தண்ணியில துருப்பிடிச்சு விழுந்துடும்.

“அம்மா”ன்னார் பெரியவர். வேற ஒண்ணும் சொல்லலை. வருத்தமா, நிம்மதியான்னு அந்த முகத்துல கண்டுபிடிக்க முடியலை. என் முகத்துலயும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் 600 ரூபாய் கொடுத்தோம். எண்ணிப் பார்த்து மடிச்சு வெச்சுக்கிட்டார். சாக்குல இருந்த கொடுவா ரெண்டு தெரு தாண்டறதுக்குள்ள ஒரு வியாபாரிகிட்ட போயிடுச்சு. எங்களுக்கு அவங்க வீட்டுல மடவைக் குழம்பும் சோறும் போட்டாங்க. அந்தப் பொண்ணு அன்னிக்கு காலேஜ் போயிருந்துச்சு.

பஸ் ஏறப் போகும்போது பெரியவர் கூப்பிட்டார்.

“தம்பி, அந்த நரை முடிப் பூச்சி... அடுத்த தடவ வர்றப்ப ஒரு பத்து கட்டிக்கிட்டு வா. உயிர் இறால் கெடைக்காத நாளைக்கு நம்ம தூண்டில்ல போட்டுப் பாக்கறேன்.”

“சரிங்கய்யா.”

“ஜிமிக்கி வேணாம்.”

மட்டன் கடை பாய்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நரைச்ச கிடா வந்தா போன் பண்ணச் சொல்லி. ரூம்மேட் மட்டும் இன்னும் சம்மதிக்கலை. பத்து கட்டிக் கொடுத்தா அதுல எத்தனை அம்மா மாட்டும்னு கேட்கிறான். எட்டு கட்டிட்டேன். மிச்சம் ரெண்டு.